ஜெயில் பதிவேட்டில் தெரியும் அணி, தெரியாத அணி

2011 மார்ச்சில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையும் சிபிஎஸ் தொலைக்காட்சியும் சேர்ந்து ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்திருந்தன. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் முந்தைய பருவத்தின் தொடக்கத்தில் முதல் 25 இடங்களில் வைக்கப்பட்ட அணிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் இருந்த 2,837 வீரர்களின் பெயர்களைப் போலீஸ், நீதிமன்றப் பதிவுகளில் ஒவ்வொன்றாகத் தேடினார்கள். 204 பேர் மீது ஏதோ ஒரு வழக்கு இருந்தது. கிட்டத்தட்ட பதினான்கு பேருக்கு ஒருவர். மொத்தம் 277 சம்பவங்கள், அதில் 105-க்கு மேல் மதுவும் போதைப்பொருளும் சம்பந்தப்பட்டவை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 22 பேருடன் முதலிடம் பிடித்தது. பட்டியலின் அடியில், தங்கமான பிள்ளைகள் என்று பெயர் வாங்கிக்கொண்டு நின்றது டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரத்தில் இருக்கும் டிசியு என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். அந்த வருடம் ஜனவரி 1-ஆம் தேதிதான் ரோஸ் பவுல் ஆட்டத்தில் விஸ்கான்சினை 21-19 என்று ஜெயித்து, ஒரு தோல்வியும் இல்லாமல் பருவத்தை முடித்திருந்தார்கள். ஆட்டமும் சுத்தம், ஆட்களும் சுத்தம்.

பதினோரு மாதம் போனது. 2012 பிப்ரவரி 15 அன்று ஃபோர்ட் வொர்த் போலீஸ் அதே டிசியு மாணவர்களை வரிசையாகக் கைது செய்தது. ஆறு மாதமாக மஃப்டி போலீஸார் வாங்க வந்தவர்கள் போல நடித்துக் கஞ்சாவும் மாத்திரைகளும் வாங்கி, ஆதாரம் சேர்த்திருந்தார்கள். சிக்கியவர்களில் நான்கு பேர் ஃபுட்பால் வீரர்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, பிப்ரவரி 1 அன்று, பயிற்சியாளர் கேரி பேட்டர்சன் முன்னறிவிப்பே இல்லாமல் மொத்த அணிக்கும் சிறுநீர்ப் பரிசோதனை நடத்தியிருந்தார். அதில் 82 பேர் தேறவில்லை என்று ஒரு வீரர் மஃப்டி போலீஸ்காரரிடம் அளந்ததாகப் போலீஸின் பிரமாணப் பத்திரத்தில் இருந்தது. நாடே அதைத்தான் பிடித்துக்கொண்டது. பிறகு வெளிவந்த கணக்கு வேறு மாதிரி இருந்தது: தெளிவாகச் சிக்கியவர்கள் ஐந்து பேர், சந்தேக அளவில் 11 பேர்.

பதினோரு மாதத்தில் ஓர் அணியின் குணம் தலைகீழாக மாறிவிடாது. முதல் தடவை பத்திரிகைக்காரர்கள் ஏற்கெனவே பதிவான வழக்குகளைத் தேடினார்கள். இரண்டாவது தடவை போலீஸே உள்ளே போய்ப் பார்த்தது. இவ்வளவுதான் வித்தியாசம். கல்லூரி ஃபுட்பால் கைதுச் செய்திகளைப் படிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. கைதுப் பட்டியல் ஓர் ஊரின் போலீஸைப் பற்றியும் அந்த மாநிலத்தின் சட்டத்தைப் பற்றியும் நிறையச் சொல்லும். வீரர்களைப் பற்றி அவ்வளவாகச் சொல்லாது.

விஷயத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஃபுட்பால் என்றால் நம்முடைய கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு மோதும் ஆட்டம். கல்லூரி என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குகிறவர் ஆளுநர் இல்லை, பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்தான். ஓர் அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள், பெரும்பாலும் 18 முதல் 23 வயதுக்குள். இந்த வயதில் நூறு ஆண்பிள்ளைகள் இருக்கும் எந்த விடுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு நாலைந்து போலீஸ் சமாசாரம் வரத்தான் செய்யும். இங்கே அது மறுநாள் காலைச் செய்தியாகிறது.

அது எப்படிச் செய்தியாகிறது என்பதில்தான் சூட்சுமம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கைது என்பது பொது ஆவணம். யாரைப் பிடித்தார்கள், எந்தப் பிரிவு, ஜாமீன் எவ்வளவு, கூடவே போலீஸ் எடுத்த முகப்படம், எல்லாம் மாவட்ட ஜெயிலின் இணையதளத்தில் சில மணி நேரத்தில் ஏறிவிடும். உள்ளூர் நிருபர்கள் காலைக் காப்பியோடு அதைத்தான் பார்க்கிறார்கள். பல்கலைக்கழகம் நடத்தும் போதைப் பரிசோதனை இதற்கு நேர் எதிர். 1974-இல் வந்த மாணவர் தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி அதன் முடிவைப் பூட்டி வைத்துவிடுவார்கள். வெளியே வருவது ஒரே ஒரு வாசகம்: ‘அணி விதிகளை மீறியதற்காக.’ பயிற்சிக்குத் தாமதமாக வந்தவனுக்கும் அதே வாசகம், மூன்றாவது முறை கஞ்சாவில் சிக்கியவனுக்கும் அதே வாசகம். இதனால் ஒரே பழக்கம் உள்ள இரண்டு பையன்களில் போலீஸிடம் மாட்டியவன் ஊருக்கே தெரிந்தவன் ஆகிறான், பரிசோதனையில் மாட்டியவன் யாருக்கும் தெரியாமல் ஓர் ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

போலீஸிடம் மாட்டுவதும் ஊரைப் பொறுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரம், கஞ்சா வைத்திருந்தால் 5 டாலர் அபராதம் என்று 1974-லேயே தன் நகரச் சாசனத்தில் எழுதிவைத்த ஊர். பின்னால் அதை 25 ஆக்கினார்கள். 2018-இல் மாநிலமே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் வரை பல்கலைக்கழக வளாகத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டம் சென்றது. வளாகத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால் நோ பார்க்கிங்கில் வண்டி நிறுத்திய மாதிரிதான். ஜார்ஜியா மாநிலத்திலோ ஓர் அவுன்ஸுக்குக் குறைவாக வைத்திருந்தாலும் ஒரு வருடம் வரை சிறை, ஆயிரம் டாலர் வரை அபராதம் என்பது சட்டம். ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதன்ஸ் நகரப் போலீஸும் வளாகப் போலீஸும் சின்ன விஷயத்துக்கும் கைவிலங்கை எடுப்பதில் பேர் போனவை. 2010-இல் மட்டும் அந்த அணியில் பத்துக்கு மேற்பட்ட கைதுகள். வேகமாக வண்டி ஓட்டியதற்கான வழக்கில் வாய்தாவுக்குப் போகாததால் பிடிவாரண்டில் உள்ளே போனவரும் அதில் உண்டு. அதே கோடையில் வீரர்களுக்கு ஒழுக்கம் சொல்லும் பொறுப்பில் இருந்த விளையாட்டுத் துறை இயக்குநர் டேமன் எவன்ஸே குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதாகி, சில நாளில் ராஜினாமா செய்தார். குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்று மைதானத் திரையில் ரசிகர்களுக்குப் புத்தி சொல்லும் விளம்பரத்தில் தோன்றியவரும் அவர்தான்.

ஃப்ளோரிடாவில் கதை வேறு. 2015-இல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் புலனாய்வுக் குழு பத்துப் பல்கலைக்கழக ஊர்களின் போலீஸ் பதிவுகளை ஆராய்ந்தது. ஃப்ளோரிடா பல்கலைக்கழக வீரர்கள் சந்தேக நபர்களாகப் பெயர் குறிக்கப்பட்ட சம்பவங்களில் 56 சதவீதம் வழக்கே இல்லாமலோ, கைவிடப்பட்டோ முடிந்திருந்தது. அதே ஊரில் அதே வயது மற்ற ஆண்களுக்கு அது 28 சதவீதம். டாலஹாஸியில் இருக்கும் ஃப்ளோரிடா ஸ்டேட் வீரர்களுக்கு 70, மற்றவர்களுக்கு 50. போலீஸ்காரர்கள் எல்லாரும் அணியின் ரசிகர்கள் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. வீரனுக்குச் சில மணி நேரத்தில் நல்ல வக்கீல் கிடைக்கிறார். சாட்சி சொல்ல வேண்டியவர் ஊரே தன்னைத் திட்டும் என்று பயந்து ஒதுங்குகிறார். விசாரணை தொடங்கும் முன்பே கோச்சின் அலுவலகத்துக்குத் தகவல் போய்விடுகிறது. ஆக ஓர் ஊரில் வாய்தா தவறியதற்குக் கைது, இன்னோர் ஊரில் அடிதடிக்கும் ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ‘ஒழுக்கமில்லாத அணிகள்’ என்று தலைப்பு வைப்பதை என்ன சொல்வது!

கஞ்சா வழக்குகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் அமைப்பான ஏசிஎல்யு 2013-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்கு. பெரிய கல்லூரி அணிகளில் ஏறத்தாழப் பாதி வீரர்கள் கறுப்பினப் பிள்ளைகள், அவர்கள் படிக்கும் ஊர்களோ பெரும்பாலும் வெள்ளையர் ஊர்கள். மற்றதை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 1986-இல்தான் போதைப் பரிசோதனையைத் தொடங்கியது. நாடு முழுவதும் போதைப் பீதி உச்சத்தில் இருந்த வருடம் அது. அந்த ஜூனில் மேரிலாந்து பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் லென் பயஸ், பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குத் தேர்வான இரண்டாவது நாள் கோகெய்னால் இறந்துபோனார். அந்த அதிர்ச்சியில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அக்டோபருக்குள் கடுமையான போதைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்புறம் கல்லூரிகளும் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பருவத்திலேயே ஓக்லஹோமாவின் நட்சத்திரம் பிரையன் பாஸ்வொர்த் ஸ்டீராய்டு பரிசோதனையில் சிக்கி, 1987 ஜனவரி 1-இன் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஆட முடியாமல் போனது. மனிதர் சும்மா இருக்கவில்லை. என்சிஏஏ என்ற நான்கு எழுத்துக்கு ‘விளையாட்டு வீரர்களுக்கு எதிரான தேசியக் கம்யூனிஸ்டுகள்’ என்று விரிவு போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நின்றார். அதோடு அவருடைய கல்லூரி ஆட்டம் முடிந்தது. இரண்டு வருடம் கழித்து அதே அணியின் தாக்குதல் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மாறுவேட எஃப்பிஐ ஆளிடம் கோகெய்ன் விற்றதாகக் கைதானார். அந்தக் கோடையில் கோச் பாரி ஸ்விட்சர் பதவி விலகினார்.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. மாணவர்களை இப்படிச் சிறுநீர் கேட்டு நிறுத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தொடுத்த வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1994-இல் என்சிஏஏ செய்வது சரி என்றது. நடைமுறையில் ஜெயித்தது இரண்டாவது கருத்துதான்: ஸ்காலர்ஷிப் வேண்டுமா, கையெழுத்துப் போடு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். என்சிஏஏ வருடம் முழுக்கச் சோதித்தது உடல் வலுவைக் கூட்டும் ஊக்கமருந்துகளைத்தான். கஞ்சா, கோகெய்ன் போன்றவற்றை அது தேடியது சாம்பியன்ஷிப் போட்டிகளிலும் பருவ முடிவின் பவுல் ஆட்டங்களிலும் மட்டும். மற்ற பத்துப் பதினோரு மாதமும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கொள்கை. எத்தனை தடவை சோதிப்பது, எத்தனையாவது தடவையில் தண்டிப்பது, எல்லாம் அவரவர் இஷ்டம். ஜார்ஜியாவில் அந்த நாட்களில் முதல் தடவைக்கே பருவத்தில் பத்தில் ஒரு பங்கு ஆட்டம் போச்சு, இரண்டாவதுக்கு பத்தில் மூன்று, மூன்றாவதுக்கு வீட்டுக்குப் போகலாம். ஜார்ஜியா ஆடும் எஸ்இசி என்ற லீக்கிலேயே, அதே கோப்பைக்கு மோதும் வேறு அணிகளில் முதல் தடவைக்கு ஆலோசனை வகுப்பும் பெற்றோருக்கு ஒரு ஃபோனும்தான். லீக் முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்று ஜார்ஜியா தரப்பு கேட்டுப் பார்த்தது; மற்றவர்கள் அசையவில்லை. ஏன் அசைவார்கள்? எதிரணியின் நல்ல தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் 2012 பருவத்தின் முதல் நான்கு ஆட்டம் ஆட முடியாமல் போவது தங்களுக்கு லாபம்தானே.

சட்டதிட்டத்தில் இதைவிட விநோதமான ஒன்று இருந்தது. போதைக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று என்சிஏஏ எந்தப் பல்கலைக்கழகத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றை எழுதி வைத்துவிட்டால் அதன்படி நடந்தே ஆக வேண்டும். நடக்காவிட்டால் அதுவே குற்றம். ஓக்லஹோமா ஸ்டேட் இதில்தான் மாட்டியது. தன் சொந்த விதிப்படி வெளியே உட்கார்ந்திருக்க வேண்டிய ஐந்து வீரர்களை மொத்தம் ஏழு ஆட்டங்களில் ஆடவிட்டது என்று கண்டுபிடித்து, 2015-இல் அதை ஒரு வருடக் கண்காணிப்பில் வைத்தார்கள். அதே வருடம் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி மீது வந்த நீண்ட குற்றப்பட்டியலிலும் எழுதி வைத்த போதைக் கொள்கையைப் பின்பற்றாதது ஒன்று.

கண்டிப்பான விதி எழுதி அதில் ஒரு தடவை வழுக்கினால் தண்டனை. தளர்வான விதி எழுதிவிட்டால் வழுக்கவே இடமில்லை. ஒரு பல்கலைக்கழக வக்கீலிடம் இதைக் கொடுத்தால் அவர் எதைப் பரிந்துரைப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். ஏபி செய்தி நிறுவனம் 2015-இல் பெரிய லீக்குகளின் கொள்கைகளைத் திரட்டிப் பார்த்தபோது, குறைந்தது மூன்றில் ஒரு பங்குப் பல்கலைக்கழகங்கள் பத்து வருடத்துக்கு முன் இருந்ததைவிடத் தண்டனையைக் குறைத்திருந்தன. கஞ்சா பற்றிய மக்களின் எண்ணம் மாறியது ஒரு காரணம். தண்டிப்பதைவிடச் சிகிச்சை கொடுப்பது மேல் என்ற மருத்துவர்களின் வாதமும் நியாயமானதே. இந்த விதி கொடுத்த தூண்டுதலுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பரிசோதனை என்ற கருவிக்கே ஒரு கோணல் உண்டு. கோகெய்ன் இரண்டு மூன்று நாளில் சிறுநீரிலிருந்து போய்விடும். அடிக்கடி கஞ்சா பிடிக்கிறவரின் உடம்பில் அதன் தடயம் வாரக்கணக்கில் தங்கும். ஆபத்து குறைந்த பொருள் அதிகம் சிக்கும், ஆபத்து கூடியது நழுவிவிடும். 2010 வாக்கில் கடைகளில் வாசனைப்பொருள் என்ற பெயரில் செயற்கைக் கஞ்சா விற்கத் தொடங்கியபோது இது நன்றாகத் தெரிந்தது. வழக்கமான பரிசோதனையில் அது தெரியாது. அசலைவிட உடம்பைக் கெடுக்கும். அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறை 2011 மார்ச்சில் அவசரத் தடை போட்டது. அக்டோபரில் லூயிசியானாவின் எல்எஸ்யு அணி மூன்று பேரை ஓர் ஆட்டத்துக்கு நிறுத்தி வைத்தது. காரணம் அதே செயற்கைச் சரக்கு என்று செய்தி வந்தது.

அந்த மூவரில் ஒருவர் டைரன் மேத்யூ. ‘ஹனி பேட்ஜர்’ என்று ரசிகர்கள் கொஞ்சிய ஆட்டக்காரர், அந்த வருடம் நாட்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையின் இறுதிப் பட்டியலுக்கே போனார். 2012 ஆகஸ்டில் எல்எஸ்யு அவரை நீக்கியது. ஹியூஸ்டனில் மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் போனார், திரும்பி வந்து அக்டோபரில் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதும் ஆனார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். முதல் சுற்றிலேயே போயிருக்க வேண்டியவரை 2013 டிராஃப்டில் 69-ஆவதாக அரிசோனா கார்டினல்ஸ் எடுத்தது. பின்னால் கன்சாஸ் சிட்டி அணியோடு தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுலை ஜெயித்தார்.

இதில் நீக்கம் என்பது முடிவு இல்லை, இடமாற்றம்தான். அப்போதைய விதிப்படி ஒரு பெரிய அணியிலிருந்து இன்னொரு பெரிய அணிக்குப் போனால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். கீழ்ப் பிரிவு அணிக்குப் போனால் உடனே ஆடலாம். 1996-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் கைவிட்ட ராண்டி மாஸ் மார்ஷல் பல்கலைக்கழகத்துக்குப் போனது அந்த வழியில்தான். ஃப்ளோரிடாவின் ஜனோரிஸ் ஜென்கின்ஸ் மூன்று மாதத்தில் இரண்டாவது கஞ்சா கைதுக்குப் பிறகு 2011 ஏப்ரலில் நீக்கப்பட்டு, வடக்கு அலபாமாவுக்குப் போய் ஆடி, அடுத்த வருடம் டிராஃப்டில் 39-ஆவதாகத் தேர்வானார். கஞ்சாவுக்கு இது போகட்டும் என்று விடலாம். வன்முறை வழக்குக்கும் அதே வாசல் திறந்திருந்ததுதான் அசிங்கம். குடும்ப வன்முறை வழக்கில் 2014-இல் ஜார்ஜியா நீக்கிய ஒரு வீரரை அடுத்த ஜனவரியில் அலபாமா சேர்த்துக்கொண்டது. மார்ச்சில் அங்கேயும் கைதாகி வெளியேற்றப்பட்டார். அந்த மே மாதம்தான், அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது என்று எஸ்இசி விதி போட்டது.

நியாயமாகப் பார்த்தால் வீரர்கள் பயப்பட்டது என்சிஏஏவுக்கும் இல்லை, கல்லூரிக்கும் இல்லை, டிராஃப்ட் இரவுக்குத்தான். 2016 ஏப்ரல் 28 அன்று, தேர்வு தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போது, ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணியின் லேரமி டன்சிலின் ட்விட்டர் கணக்கில் யாரோ புகுந்து, வாயுமுகமூடி மாட்டிக்கொண்டு அவர் புகைக்கும் பழைய வீடியோவைப் போட்டுவிட்டார்கள். முதல் சில இடங்களில் எதிர்பார்க்கப்பட்டவர் 13-க்கு இறங்கினார். பல மில்லியன் டாலர் ஒரே இரவில் போனது. கைதும் கிடையாது, பரிசோதனையும் கிடையாது.

பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. மாநிலத்துக்கு மாநிலம் கஞ்சா சட்டபூர்வமாகிக்கொண்டிருக்க, என்சிஏஏ 2014-இல் முழுப் பருவத் தடையைப் பாதியாக்கியது. 2022 பிப்ரவரியில் அனுமதி வரம்பை 35 நானோகிராமிலிருந்து 150-க்கு உயர்த்தியது. 2024 ஜூனில் முதல் பிரிவுக்கான தடைப் பட்டியலிலிருந்தே கஞ்சாவை எடுத்துவிட்டது. ஆட்டத்தில் அநியாய அனுகூலம் தருவதைத்தான் நாங்கள் தேட வேண்டும், கஞ்சா அப்படித் தருவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 38 வருடம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பல்கலைக்கழகங்களின் சொந்தக் கொள்கைகளை இது தொடவில்லை, மாநிலச் சட்டங்களை அறவே தொடவில்லை.

ஜெயில் பதிவேட்டில் இப்போது அடிக்கடி தெரிவது வேறு வகை வழக்கு. 2023 ஜனவரி 15 விடியற்காலை, ஜார்ஜியா தேசியக் கோப்பை ஊர்வலம் முடிந்த சில மணி நேரத்தில், மணிக்கு 100 மைலுக்கு மேல் ரேஸ் விட்ட காரில் ஒரு வீரரும் அணிப் பணியாளர் ஒருவரும் ஏதன்ஸில் இறந்தார்கள். இன்னொரு காரில் இருந்த ஜேலன் கார்ட்டர் மீது ரேஸ், அபாயகரமான ஓட்டுதல் வழக்குகள். மறுக்கவில்லை, நன்னடத்தைக் காவலும் அபராதமும் கிடைத்தன. ஏப்ரலில் டிராஃப்டில் 9-ஆவது இடத்தில் போனார். அதன் பிறகும் அந்த அணியின் பிள்ளைகள் அதிவேகத்துக்காகப் பிடிபட்டுக்கொண்டே இருந்தார்கள். என்னதான் செய்கிறீர்கள் என்று 2024 ஜூலையில் நிருபர்கள் கேட்டபோது, கோச் கர்பி ஸ்மார்ட் புதிதாக ஒன்று சொன்னார்: தப்பு செய்தவர்களிடம் பணமாகவே அபராதம் பிடிக்கிறோம். 2021-இலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டதால், ரசிகர் நிதியத்திலிருந்து அவர்களுக்கு வந்த தொகையில் கழித்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் கழிக்கப் பணமே கிடையாது, ஆட்டத்தைத்தான் பறிக்க முடியும். இப்போது ஆட்டத்தில் கை வைக்காமலே தண்டிக்க வழி கிடைத்துவிட்டது.